தண்ணியில்லாக் காடு என்று பெயர் வைத்தது யார்?

"உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." தமிழ்நாட்டில் அரசு வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்த மிரட்டல் தெரியும். அரசு அலுவலகத்தைச் சினிமாவில் மட்டுமே பார்த்தவர்களுக்கும் தெரியும். திரையில் அமைச்சர் காவல் ஆய்வாளரிடம் சொல்வார். நிஜத்தில் மேலதிகாரி எழுத்தரிடம் சொல்வார், ஆளுங்கட்சிக்காரர் தாசில்தாரிடம் சொல்வார். அது எந்தக் காடு என்று கேட்டால் உடனே இரண்டு பெயர்கள் வரும். ஒன்று ராமநாதபுரம், இன்னொன்று எங்கள் தருமபுரி.

இந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விளக்கம் இருக்கிறது. அந்த ஊர்களில் தண்ணீர் கிடையாது, வெயில் கொளுத்தும், போக யாரும் விரும்பவில்லை, அதனால் அப்படிப் பேச்சு வந்தது என்பார்கள். சினிமா அதை ஊரெல்லாம் பரப்பியது என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது, வெறும் பேச்சுவழக்குதானே என்று முடிப்பார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள், மேடையில் சொல்கிறார்கள், எங்கள் மாவட்டத்துக்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தச் சொல் எங்கள் மண்ணில் முளைக்கவில்லை. அலுவலக மேசையில் பிறந்து எங்கள் மேல் ஒட்டப்பட்டது. அதன் விலையைக் கொடுப்பவரும் மாற்றலாகி வரும் அலுவலர் இல்லை. அவர் வந்து சேரும் ஊர்தான் கொடுக்கிறது.

முதலில் மழைக் கணக்கைப் பார்ப்போம். தருமபுரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. மாநிலச் சராசரியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கோயம்புத்தூர் மாவட்டத்தின் சராசரி 700 மி.மீ.யை ஒட்டியது, கரூருக்கு அதைவிடவும் குறைவு. கோயம்புத்தூருக்கு மாற்றல் கிடைத்தவருக்கு நண்பர்கள் இனிப்பு கேட்கிறார்கள். அதைவிட அதிகம் மழை பெறும் தருமபுரிக்கு மாற்றலானவரிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். 'கோவைக்குச் சிறுவாணி இருக்கிறதே' என்பார்கள். நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன். சிறுவாணித் தண்ணீர் தானாக நடந்து கோவைக்கு வரவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மலைக்கு அப்பாலிருந்து அதைக் கொண்டுவரத் திட்டம் தீட்டினார்கள், பணம் ஒதுக்கினார்கள், வேலையை முடித்தார்கள். ஓர் ஊர் தண்ணியுள்ள ஊராவதும் தண்ணியில்லாத ஊராவதும் பெரும்பகுதி மனிதர்கள் எடுத்த முடிவு.

வறட்சியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் நிலத்துக்கு அடியில் கெட்டிப் பாறை. பெய்த மழை ஓடிவிடும், உள்ளே இறங்குவது கொஞ்சம். பருவம் தப்பினால் கிணறு வற்றும், ஆழ்துளையில் காற்றுதான் வரும். இவ்வளவையும் பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஆனால் இதே பாறையும் இதே பருவம் தப்பலும் தமிழ்நாட்டின் பாதி மாவட்டங்களில் உண்டு. எல்லாவற்றுக்கும் இந்தப் பட்டம் கிடைக்கவில்லையே.

இன்னொரு பக்கமும் பாருங்கள். வால்பாறைக்கோ கூடலூருக்கோ மாற்றலானவரும் 'தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிட்டாங்க' என்றுதான் புலம்புவார். வால்பாறைக்கு மேலே இருக்கும் சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மிக அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டில் பாதி நாள் துணி காயாத ஊர்கள் அவை. அந்த இடத்துக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது என்றால், இதில் வரும் தண்ணி மழைத் தண்ணியாக இருக்க முடியாது. சொல்பவர் அளப்பது வேறு ஒன்றை. தலைமையகத்திலிருந்து எவ்வளவு தூரம், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு தூரம், ராத்திரி ரயில் ஏறி விடிந்தால் வீட்டில் இருக்க முடியுமா என்று அளக்கிறார். மேல் வருமானம் வருமா என்ற கணக்கும் சிலருக்கு உண்டு.

ஊரின் பெயர் தண்டனையின் பெயராவது தமிழர்களிடம் மட்டும் நடந்ததில்லை. பிரான்சு நாட்டில் லிமோஜ் என்று ஒரு நகரம். பீங்கானுக்குப் பேர்போன அழகான ஊர். 1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது, தளபதி ஜோஃப்ர் தனக்குச் சரிப்படாத ராணுவ அதிகாரிகளைப் போர்முனையிலிருந்து நீக்கி அந்தப் பக்கம் அனுப்பினார். அதிலிருந்து பதவியிலிருந்து தூக்குவதற்கே 'லிமோஜே' என்று ஒரு வினைச்சொல் பிரெஞ்சில் வந்துவிட்டது. இன்றும் அவர்கள் அகராதியில் இருக்கிறது. நீக்கப்பட்டவர்களில் பலர் லிமோஜ் நகருக்குள் கால் வைத்ததுகூட இல்லை என்கிறார்கள். அந்த ஊர் செய்த குற்றம் போர்முனைக்குத் தொலைவில் இருந்தது மட்டும்தான். தருமபுரிக்கு நேர்ந்ததும் இதுவேதான், எங்களுக்குத் தொலைவு சென்னையிலிருந்து அளக்கப்பட்டது.

இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய வாழ்க்கை உண்டு, அது நேர்மையான வாழ்க்கை. அது பெண்களின் பேச்சில் இருந்தது. "தண்ணியில்லாக் காட்டுல கொண்டுபோய்ப் பொண்ணைத் தள்ளிட்டீங்களே" என்று தாய் தகப்பனிடம் அழுவாள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றுவார்கள். குடம் சுமக்கப்போவது பெண். அவள் தலையும் இடுப்பும் தாங்க வேண்டிய தூரம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. அங்கே தண்ணி என்றால் தண்ணிதான், மிகை ஒன்றும் கிடையாது. குடம் தூக்கியே பழகாதவர்கள் அதே சொல்லை எடுத்துக்கொண்டு, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து மிரட்டலாக்கினார்கள். பாதிக்கப்பட்டவளின் வாயிலிருந்து அதிகாரம் உள்ளவனின் வாய்க்கு அது இடம் மாறிய அன்றே அதன் பொருளும் மாறிப்போனது.

சினிமா பரப்பியது என்பது உண்மை. சினிமா உண்டாக்கியது என்பது தவறு. வசனம் எழுதுகிறவருக்கு வில்லனின் செல்வாக்கை ஒரே வரியில் காட்ட வேண்டும், விளக்கம் இல்லாமல் கொட்டகை முழுக்கப் புரிய வேண்டும். ஏற்கெனவே அலுவலகத் தாழ்வாரங்களில் பழகிப்போன சொல் அதற்குத் தோதாகக் கிடைத்தது. சென்னையில் கதை எழுதுகிறவர் அந்த ஊரைப் போய்ப் பார்த்திருக்கத் தேவையில்லை. இரண்டு தலைமுறை இதைக் கேட்டே வளர்ந்துவிட்டது. அரூரிலும் பாலக்கோட்டிலும் கொட்டகையில் உட்கார்ந்து தன் ஊரின் மேல் சுமத்திய பழிக்குத் தானே கைதட்டிய தலைமுறையும் அதில் அடக்கம்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் காடு என்றால் மரம் அடர்ந்த வனம் இல்லை. மானாவாரி நிலத்துக்குத்தான் அந்தப் பெயர். "காட்டுக்குப் போயிருக்காருங்க" என்று வீட்டில் சொன்னால் உழவுக்கோ களையெடுக்கவோ போயிருக்கிறார் என்று பொருள். மேட்டுக்காடு, கொல்லைக்காடு எல்லாம் கிணறு இல்லாத, மழையை நம்பிய நிலங்கள். அங்கேதான் ராகியும் சாமையும் கொள்ளும் அவரையும் துவரையும் விளைகின்றன. எங்கள் ஊர் உழவரிடம் 'தண்ணியில்லாக் காடு' என்று சொன்னால், 'ஆமாங்க, எத்தனை ஏக்கரு?' என்று கேட்பார். அவருக்கு அது சோறு போடும் இடம். அதைத் தண்டனைக்கு அடையாளமாக நினைக்க, மானாவாரியில் விதைத்தே பழகாத ஒருவரால்தான் முடியும்.

வரலாறும் இந்தச் சொல்லுக்குத் துணை நிற்கவில்லை. தகடூர் என்ற பழைய பெயரில் அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நாடு இது. அவன் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் காணலாம். தண்ணீரைக் குடித்தே வளரும் பயிர் கரும்பு. அதை முதலில் நட்டவர்களாக ஒரு குடியைச் சங்கப் பாட்டு புகழ்கிறது, அந்தக் குடியின் மண்ணைத்தான் இன்று தண்ணியில்லாக் காடு என்கிறோம்.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இது தண்டனை இடம் என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், தருமபுரியை உள்ளடக்கிய பாரமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. பாரமகாலை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இங்கே வந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் வீடு கட்டி, தோட்டம் போட்டு, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இருந்தார். உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் இந்தப் பகுதியில்தான் விழுந்தது. பின்னாளில் அவர் சென்னை மாகாண ஆளுநரே ஆனார். 1799-இல் மாற்றலாகிப் போகும்போது தருமபுரியையும் அந்தத் தோட்டத்தையும் பிரிய மனமில்லாமல் அவர் எழுதிய கடிதம் அவர் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. மன்றோ எங்களுக்கு நன்மை செய்ய வந்தவர் இல்லை, வரி வசூலிக்க வந்தவர். ஆனாலும் இதே வெயிலில், மின்விசிறியும் பேருந்தும் இல்லாத காலத்தில், ஓர் அலுவலர் இந்த ஊரைத் தண்டனையாக நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது புறக்கணிப்பு. நீண்ட காலம் நாங்கள் சேலம் மாவட்டத்தின் ஓரத் தாலுகாக்கள். 1965 அக்டோபர் 2 அன்றுதான் தருமபுரி தனி மாவட்டமானது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கு ஒரு குறுகிய ரயில்பாதை இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதை மூடினார்கள். மூடப்பட்ட மொரப்பூர்–தருமபுரி பாதையை மறுபடி போடச் சொல்லித் தலைமுறை தலைமுறையாகக் கேட்டோம், 2019-இல்தான் அடிக்கல் விழுந்தது. ரயிலைப் பிடுங்கிக்கொண்டு, 'அங்கே போய் வரவே முடியாது' என்று சொல்வது என்ன நியாயம்?

இப்போது தண்ணீருக்கே வருகிறேன். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து அருவியாக விழும் ஒகேனக்கல் எங்கள் பென்னாகரம் வட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் எல்லையை ஒட்டியே ஓடி மேட்டூரில் தேங்குகிறது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் அந்த நீர்த்தேக்கத்தின் கரை நாகமரை, ஏரியூர் பக்கம்வரை வந்து நிற்கிறது. தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் போகும் தண்ணீர் முதலில் எங்களைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. டெல்டாவை நெற்களஞ்சியம் என்று பாடும் அதே நாக்கு, அந்தத் தண்ணீர் வரும் வழியைத் தண்ணியில்லாக் காடு என்கிறது. ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, ஊர்கள் மேட்டில் இருக்கின்றன. மேட்டுக்கு ஏற்றிக் கொடுக்கும் வேலையை நெடுங்காலம் யாரும் செய்யவில்லை. காவிரி மட்டுமல்ல, தென்பெண்ணையும் சின்னாறும் வாணியாறும் தொப்பையாறும் இந்த மாவட்டத்தில்தான் ஓடுகின்றன.

ஆற்றுத் தண்ணீர் மேலே வராத காலமெல்லாம் மக்கள் ஆழ்துளைக் கிணற்றைத் தோண்டினார்கள். அடியில் இருந்த பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்து ஊர்களில் அந்த அளவை மீறிய தண்ணீரைத் தலைமுறைகள் குடித்தன. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறியது. நாற்பது வயதில் முட்டி மடங்காமல் போனவர்கள், முதுகு வளைந்து தரையைப் பார்த்தே நடந்தவர்கள் உண்டு. பல்லைப் பார்த்துவிட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். எங்களிடம் தண்ணீர் இல்லாமல் இல்லை. இருந்த தண்ணீர் எலும்பைத் தின்றது. மாற்றலாகி வந்தவர் இரண்டு வருடம் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு 'தண்ணியில்லாக் காட்டில் கிடந்தேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரையே குடித்துத் தீரவேண்டியவருக்கு இந்தக் கதை இனிக்குமா?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய் மதிப்பில் வந்தது. 2008-இல் அடிக்கல், 2013-இல் பயன்பாடு. ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. தண்ணீர் போதும் என்று கணக்கிட்டுப் போட்ட திட்டம் அது. மேட்டூர் அணை கட்டி 79 ஆண்டுகள் கழித்து, கண்ணெதிரே ஓடிய ஆற்றிலிருந்து எங்கள் குடத்துக்குத் தண்ணீர் வந்தது. இந்த 79 ஆண்டுத் தாமதத்தை யாராவது வெயில் மேல் போட முடியுமா?

இது வெறும் பேச்சுவழக்கு என்ற வாதத்துக்குப் பதில், இந்தப் பேச்சின்படி ஆணைகள் போடப்படுகின்றன என்பதுதான். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் தண்டனைகளின் பட்டியல் இருக்கிறது. கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், பணிநீக்கம் என்று அது போகும். இடமாறுதல் அந்தப் பட்டியலில் கிடையாது. தண்டனைக்குப் பதிலாகப் போடும் மாறுதல் ஆணை செல்லாது என்று சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 டிசம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆக, சட்டத்தில் இல்லாத ஒரு தண்டனையை இந்தச் சொல்தான் தாங்கிப் பிடிக்கிறது. கோப்பில் 'நிர்வாக நலன் கருதி' என்று எழுதுவார்கள். தாழ்வாரத்தில் 'தண்ணியில்லாக் காடு' என்பார்கள். முன்னது மறைக்கிறது, பின்னதுதான் நடப்பைச் சொல்கிறது.

ஒரு நகரத்தில் லஞ்சம் வாங்கினார், மக்களிடம் முரட்டுத்தனமாக நடந்தார் என்று ஒருவர் மேல் புகார் வருகிறது. விசாரித்து நடவடிக்கை எடுப்பதற்குப் பதில் எங்கள் மாவட்டத்துக்கு மாற்றுகிறார்கள். புகார் கொடுத்த ஊருக்கு நிம்மதி, செய்திக்கும் நல்ல தலைப்பு. அவர் இங்கே வந்து உட்கார்ந்து என்ன செய்வார்? அங்கே செய்ததையே செய்வார், கோபத்தோடு செய்வார். நகரத்து மக்களுக்குத் தகாதவர் சித்தேரி மலையிலிருந்து சாதிச் சான்றிதழுக்காகக் காலையில் இறங்கி வந்து மாலைவரை நிற்கும் பெண்ணுக்கு மட்டும் எப்படித் தகுந்தவர் ஆனார்? இந்த ஆணையில் தண்டிக்கப்படுவது அவரா, அந்தப் பெண்ணா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. நேர்மையான அதிகாரிகளைத்தானே அப்படி மாற்றுகிறார்கள், அதனால் தண்ணியில்லாக் காட்டுக்குப் போனவர் என்பது ஒரு பதக்கம், அது அதிகாரத்தை எதிர்த்தவர்களின் சொல் என்பார்கள். நேர்மைக்காகப் பந்தாடப்பட்ட அதிகாரிகள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. அவர்களில் சிலர் இங்கே வந்து ஏரி தூர்வாரியதையும், பள்ளிக்குக் கட்டடம் வாங்கிக் கொடுத்ததையும் மக்கள் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பாராட்டிலும் எங்கள் ஊர் சிறைச்சாலைதான். நல்லவர் அநியாயமாக அடைபட்ட சிறை என்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. அந்தச் சிறையிலேயே பிறந்து வளர்ந்து வாழ்கிற 15 லட்சம் பேர் அந்தக் கதையில் வருவதே இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. இதற்குப் பல காரணங்கள் உண்டு. வறுமை உண்டு, பெண் குழந்தைகளைப் படிப்பிலிருந்து நிறுத்திய எங்கள் சொந்தக் குற்றமும் உண்டு. ஆனால் ஆசிரியர் நிலைக்காதது முக்கியமான காரணம். தென் மாவட்டத்திலிருந்து முதல் பணியிடமாக இங்கே வரும் ஆசிரியர், அடுத்த கலந்தாய்வில் ஊர் திரும்பத்தான் பார்ப்பார். சொந்த ஊர் ஏக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரும்போதே 'எப்படியாவது ரெண்டு வருஷம் ஓட்டிரு' என்று சொல்லி அனுப்புகிறார்களே, அந்த மனநிலையை இந்தச் சொல்தான் வளர்க்கிறது. தான் தண்டனை இடத்தில் இருப்பதாக நம்பும் ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைக்கு அது தெரியாமல் போகாது.

1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து, ஊரைச் சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். 269 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 செப்டம்பர் ஆயிற்று, உயர் நீதிமன்றம் 2023-இல் அதை உறுதி செய்தது. அந்தக் கொடுமையை ஒரு பேச்சுவழக்கின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் ஒரு நிலத்தைக் கேட்பாரற்ற காடு என்று அரசு எந்திரமே ஆண்டாண்டாகப் பேசிப் பழகும்போது, அங்கே வாழ்பவர்கள் கேட்பாரற்றவர்களாகவே அதன் கண்ணுக்குத் தெரிவார்கள். வாச்சாத்தி மக்கள் 19 ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறி, தங்களுக்குக் கேட்க வாய் உண்டு என்று காட்ட வேண்டியிருந்தது.

ராமநாதபுரத்துக்காரர்கள் இதில் எங்கள் உறவினர்கள். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று ராஜசிங்கமங்கலம் ஏரியைப் பற்றி அவர்கள் ஊரில் ஒரு சொலவடை உண்டு. குறுக்கே பறக்கும் நாரை களைத்துப்போகும் அளவு அகலமாம். சொந்த மண்ணைப் பற்றி அந்த மக்கள் உண்டாக்கிய சொல் அது. வெளியார் அவர்கள் மேல் எறிந்த சொல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது, அவர்களே உண்டாக்கியது மாவட்ட எல்லையைத் தாண்டவில்லை. எந்தச் சொல் பரவும் என்பதை அது எவ்வளவு உண்மை என்பது தீர்மானிப்பதில்லை, யார் கையில் மாறுதல் ஆணை இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

சொல்லைத் தடை செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. பேச்சைச் சட்டம் போட்டு நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. நான் கேட்பது அரசாணை சம்பந்தப்பட்டது. புகாருக்குள்ளான அலுவலரை, புகார் எழுந்த இடத்திலேயே விசாரித்து முடியுங்கள். மலைக்கிராமப் பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வருகிறவருக்குக் குடியிருப்பும் கூடுதல் படியும் கொடுத்து, குறிப்பிட்ட காலம் இருந்தே ஆகவேண்டும் என்று விதியாக்குங்கள். குடிமைப் பணி அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும் என்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னதை முதலில் எங்கள் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்துங்கள். தருமபுரிக்கு மாறுதல் கேட்டு மனுப்போடும் அலுவலர்கள் இப்போதும் இருக்கிறார்கள், அவர்களுடைய மனுவை முதலில் எடுங்கள்.